தண்ணி மாறுகிறவருக்கும் கேட்க வேணும்

வானொலி நாடகத்துக்குத் தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுத வேண்டும். தாள்களைச் சேர்த்துக் குத்தக்கூடாது. ஒரு வசனம் இந்தத் தாளில் தொடங்கி அடுத்த தாளில் முடியக்கூடாது. வாசித்து முடித்த தாளை நடிகர் சத்தமில்லாமல் ஒதுக்கி வைப்பார். புரட்டினால் அந்தச் சரசரப்பு நாடு முழுவதும் கேட்கும். இடது ஓரத்தில் பாத்திரத்தின் பெயர், வலப்பக்கம் வசனம், நடுவே ஒலிக்குறிப்பு, அதன் கீழ் ஒரு கோடு. என் முதல் பிரதி போய்ச் சேர்ந்ததும் கொழும்பிலிருந்து ஒரு தயாரிப்பாளர் எழுதிய தபாலட்டையில் இருந்தவை இவை. நாடகம் நல்லதா கெட்டதா என்று அவர் ஒரு சொல்லும் எழுதவில்லை. "நேரம் பார்த்து அனுப்பவும்" என்பதை மட்டும் அடிக்கோடிட்டிருந்தார்.

நேரம் பார்ப்பது என்றால் மணிக்கூட்டை முன்னால் வைத்துக்கொண்டு எல்லாப் பாத்திரமும் நானேயாகி வாய்விட்டுப் படிப்பது. நிமிடத்துக்கு ஏறக்குறைய நூறு சொல். அரைமணி நாடகம் என்றாலும் அறிவிப்பு, இசை, இடையில் விடும் மௌனம் எல்லாம் போக இருபத்தாறு நிமிடத்துக்கு மேல் வசனம் வைக்க முடியாது. குசினிக்குள் இருந்து அம்மா "ஆரோடை பிள்ளை சண்டை பிடிக்கிறாய்?" என்று கேட்பா. அம்மாவுக்கு அது சண்டையாகக் கேட்டால் அந்தக் காட்சி சரி என்று நான் எடுத்துக்கொள்வேன்.

இந்தத் தொழிலுக்குத் தமிழில் புத்தகமே இல்லாமல் இல்லை. சோ. சிவபாதசுந்தரம் எழுதிய 'ஒலிபரப்புக் கலை' இருந்தது. இலங்கை வானொலியில் வேலை பார்த்து, பின் லண்டன் போய், பிபிசியின் தமிழ் ஒலிபரப்புக்குத் 'தமிழோசை' என்று பெயர் வைத்தவர் அவர். அந்தப் புத்தகம் என் கைக்கு வந்தபோது நான் எழுதத் தொடங்கிப் பல வருடம் ஆகியிருந்தது. அதில் சொல்லியிருந்தவற்றில் பாதியைத் தோட்டக்காரர் ஏற்கெனவே எனக்குப் படிப்பித்துவிட்டிருந்தார்கள்.

எங்கள் ஊர் அப்படி. யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறை வீதியால் வடக்கே வந்தால் கொக்குவில், கோண்டாவில், இணுவில் கழிந்து மருதனார்மடம் சந்தி. கிழக்கே உரும்பிராய்க்குப் போகிற வீதி. சந்தியில் சந்தை. வீதியோரத்தில் 1913இல் பொன்னம்பலம் இராமநாதன் பெண்பிள்ளைகளுக்கென்று கட்டிய இராமநாதன் கல்லூரி. பக்கத்தில் 1960இல் தொடங்கிய இசைக் கல்லூரி, பிறகு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இராமநாதன் நுண்கலைக் கழகம் ஆனது. மகாராஜபுரம் சந்தானம் அதிபராக இருந்த இடம். மதிலுக்கு அந்தப் பக்கம் வர்ணம் பாடுவார்கள். இந்தப் பக்கம் வெங்காயப் பிடி கட்டுவார்கள். வீதியை விட்டு உள்ளே இறங்கினால் செம்மண் தோட்டங்கள்: புகையிலை, வெங்காயம், மிளகாய், வாழை.

1970க்குப் பிறகு வெங்காயம், மிளகாய் இறக்குமதியை அரசு கட்டுப்படுத்திய காலத்தில் எங்கள் தோட்டக்காரர் கையில் காசு புழங்கியது. பலர் முதலில் வாங்கியது மண்ணெண்ணெயில் ஓடும் தண்ணிப் பம்பு. அடுத்தது ட்ரான்சிஸ்டர் றேடியோ. றேடியோ பூவரசங் கொப்பில் தொங்கும். பம்பு அதற்கு எதிரே கத்தும். இரண்டுக்கும் நடுவே ஒருவர் மண்வெட்டியோடு வாய்க்காலை வெட்டியும் மறித்தும் தண்ணி மாறுவார். என் நாடகத்தை அவர் கேட்கிறார் என்றால் இப்படித்தான் கேட்கிறார். பாத்தி நிறையும் வரை கேட்பார். நிறைந்ததும் அடுத்த பாத்திக்கு நடப்பார். திரும்பி வரும்போது கதை எங்கேயோ போயிருக்கும்.

அதனால் என் பாத்திரங்கள் ஒருவரை ஒருவர் அடிக்கடி முறைசொல்லிக் கூப்பிட்டுக்கொள்வார்கள். "மாமி, நீங்கள் இருங்கோ", "எணேய் ஆச்சி, இஞ்சை வாணை." அச்சில் பார்த்தால் கூடுதலாகத் தெரியும். காதுக்கு அதுதான் முகம். ஒரு முக்கியமான செய்தியை மூன்று முறை சொல்ல வைப்பேன்: ஒருவர் சொல்வார், மற்றவர் நம்பாமல் திருப்பிக் கேட்பார், மூன்றாமவர் படலையடியில் நின்று வேறொருவருக்குக் கடத்துவார். ஊரில் செய்தி பரவுவதும் அப்படித்தான் என்பதால் ஒருவருக்கும் அது உறுத்தவில்லை.

நான் கேட்டு வளர்ந்த குரல்கள் பல. இலங்கையர்கோனின் 'விதானையார் வீட்டில்' தொடர் ஒலிபரப்பானபோது நான் சிறுபிள்ளை. அவர் ஏழாலைக்காரர், எங்களுக்குப் பக்கத்து ஊர். றேடியோப் பெட்டிக்குள் இருந்து எங்கள் வீட்டுப் பேச்சு வருகிறது என்பதே அப்போது பெரியவர்களுக்கு வேடிக்கை. அதுவரை நாடகம் என்றால் ராஜா பேசும் தமிழ். யாழ்ப்பாணத்துக் கதையை ஒலிவாங்கிக்கு முன் துணிந்து வைத்தவர்களில் இலங்கையர்கோனுக்கும், நாடகத் தயாரிப்பாளராக இருந்த 'சானா' சண்முகநாதனுக்கும் பெரிய இடம் உண்டு. அளவெட்டி மகாகவி வானொலிக்குக் கவிதையிலேயே நாடகம் எழுதினார். பிறகு எழுபதுகளில் சில்லையூர் செல்வராசனின் 'தணியாத தாகம்', மக்கள் வங்கியின் விளம்பர நிகழ்ச்சியாக வந்த தொடர். வங்கியின் விளம்பரத்தைக் கூட மனப்பாடமாகச் சொல்கிற ஆச்சிமார் எங்கள் ஒழுங்கையில் இருந்தார்கள்.

இவர்கள் எல்லாரும் ஆண்கள் என்பதைக் கவனித்திருப்பீர்கள். பெண்களுக்கு வானொலியில் வேறொரு வாசல் இருந்தது: 'இசையும் கதையும்'. ஒரு சிறுகதை, அதன் இடையிடையே சினிமாப் பாட்டு. நேயர்கள் எழுதி அனுப்பலாம். கொழும்பு தெரிந்திருக்கத் தேவையில்லை, சிபாரிசு தேவையில்லை; முத்திரை ஒட்டக் காசு இருந்தால் போதும். இலங்கையில் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் எழுத வந்த பெண்களில் பலர் அந்த வாசலால் வந்தவர்கள்தான். இலக்கியக்காரர் சிலர் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பில் இன்றைக்கும் உடன்பாடில்லை. கதையை எங்கே நிறுத்துவது என்பதை எனக்கு வேறொன்றும் அவ்வளவு தெளிவாகக் கற்றுத்தரவில்லை. பாட்டு வரப்போகிற இடத்தில் எழுத்தாளர் அழக்கூடாது. அழுகையைப் பி. சுசீலா பார்த்துக்கொள்வார். "அவள் படலையைச் சாத்தினாள்" என்று நிறுத்திவிட்டு விலக வேண்டும். இந்தப் பழக்கம் கைக்கு வந்த பிறகு, பாட்டே இல்லாத கதையிலும் நான் அதே இடத்தில் நிறுத்தினேன்.

பாட்டுத் தெரிவும் ஒரு வேலை. நான் கேட்கிற இசைத்தட்டு நிலையத்துக் களஞ்சியத்தில் இருக்க வேண்டும். அதனால் மற்ற நிகழ்ச்சிகளில் என்னென்ன போடுகிறார்கள் என்று கொப்பியில் குறித்து வைத்துக்கொள்வேன். ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு பாட்டு எழுதி அனுப்புவது வழக்கம். முதலாவது கீறல் விழுந்திருந்தால் மற்றது.

அந்தக் காலத்தில் ஒரு பெண்பிள்ளையின் பெயர் றேடியோவில் சொல்லப்படுவது வீட்டுக்குப் பெருமையும் பயமும். கலியாணம் பேசிக்கொண்டிருந்த வீடுகளில் பயம் கூட. பெண் எழுத்தாளர்களின் புனைபெயர்களைப் பாருங்கள்: குறமகள், யாழ்நங்கை, புதுமைப்பிரியை. கேட்பவர்களுக்குப் பெண் என்று தெரியும்; எந்த வீட்டுப் பெண் என்று தெரியாது. எனக்கும் ஒரு புனைபெயர் இருந்தது. அதை ஐயாதான் வைத்தார். ஊரில் ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்றார்; அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் கோயிலடியில் அவரே எல்லாருக்கும் சொல்லி முடித்துவிட்டார்.

மாதர் நிகழ்ச்சிக்கு எழுதினேன். என் எழுத்தை ராஜேஸ்வரி சண்முகம் வாசித்தபோது அது என்னுடையதா என்று எனக்கே ஐயம் வந்தது. நாடக நடிகையாக வானொலிக்கு வந்தவர் அவர். ஒரு சாதாரண வாக்கியத்தில் எந்தச் சொல்லை மெல்ல விட வேண்டும் என்று தெரிந்த குரல். அவருக்காக எழுதப் பழகியதில் என் வாக்கியங்கள் குறுகின. மூச்சு எடுக்கும் இடம் இல்லாத வாக்கியம் எவ்வளவு அழகானதாக இருந்தாலும் வாசிப்பவரைத் திணறவைக்கும். செய்தி வாசித்த சற்சொரூபவதி நாதனின் உச்சரிப்பைக் கேட்டுத்தான் எங்கள் பள்ளிக்கூடத்தில் பேச்சுப்போட்டிக்குப் பிள்ளைகளைப் பழக்குவோம். நிலையத்துக்குள் பொன்மணி குலசிங்கம் போன்ற பெண்கள் பொறுப்பில் இருந்ததும் வெளியூரிலிருந்து எழுதும் எங்களுக்குத் துணிவு தந்தது. ஒரு பெண் படித்துப் பார்ப்பாள் என்ற எண்ணம் எழுதுகிற கைக்குச் சின்ன விசயமில்லை.

ஒலிப்பதிவுக்கு எழுத்தாளர் போக வேண்டும் என்று கட்டாயமில்லை. எனக்குப் பார்க்க ஆசை. அண்ணையின் துணையோடு யாழ்தேவியில் போனேன். சுதந்திரச் சதுக்கத்தில் இருந்த அந்தக் கட்டிடத்தில், பஞ்சணைச் சுவர்களுக்கு நடுவே ஒரேயொரு மைக். அது முன்பக்கமும் பின்பக்கமும் கேட்கும். இரண்டு விலாவிலும் கேட்காது. எதிரெதிரே நின்று நடிகர்கள் பேசுவார்கள். 'வெளியே போகிறாள்' என்று நான் எழுதியிருந்தால், நடிகை பேசிக்கொண்டே மைக்கின் விலாப்பக்கம் இரண்டடி நகருவார். அவ்வளவுதான், அவள் வீதிக்குப் போய்விட்டாள். மண் நிரப்பிய தட்டில் ஒருவர் கைகளில் செருப்பை மாட்டிக்கொண்டு நடப்பார். சுளகில் பயறு உருண்டால் மழை.

துலாவுக்குத்தான் அங்கே வழி இருக்கவில்லை. என் நாடகத்தில் விடியப்புறம் கிணற்றடியில் துலா கிறீச்சிடும் ஓசை ஒன்று வரும்; கதையில் அதற்கு வேலை இருக்கிறது. அந்த ஓசையுள்ள இசைத்தட்டு இல்லை. பழைய கதிரை ஒன்றை ஆட்டி ஆட்டி ஒப்பேற்றினார்கள். நாடகம் ஒலிபரப்பான மறுநாள் பக்கத்து வளவு ஆச்சி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "பிள்ளை, கதை நல்லாக் கிடந்தது. ஆனால் அந்தப் பெடிச்சி கிணத்தடிக்குக் கதிரை கொண்டு போனவளோ?" என்று கேட்டா. அதற்குப் பிறகு ஒலிக்குறிப்பு எழுதும்போது கொழும்பில் அந்த ஓசையை எதை வைத்து உண்டாக்குவார்கள் என்று யோசிக்காமல் எழுதியதில்லை. கிடுகுப் படலை வேண்டாம், தகரப் படலை வைப்போம். தகரம் எங்கும் ஒரே சத்தம்தான்.

நடிகர்கள் விசயம் இன்னொன்று. யாழ்ப்பாணத்துக் கதையில் மட்டக்களப்பார் ஒருவரும் மலையகத்தார் ஒருவரும் கொழும்புத் தமிழர் ஒருவரும் அண்ணன் தங்கையாக நடிப்பார்கள். பேச்சை அச்சொட்டாக எழுதிக் கொடுத்தால் வாசிக்கத் தடுமாறுவார்கள். நூல்தமிழில் கொடுத்தால் கதை செத்துப்போகும். வினைமுற்றுகளை மட்டும் எங்கள் வழக்கில் எழுதுவது என்று ஒரு வழி கண்டுபிடித்தேன். 'வாறியளோ', 'சொன்னவை', 'போட்டு வாறன்'. மற்றச் சொற்களைப் பொதுவாக விட்டேன். அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு எந்த ஊர் நடிகரும் மருதனார்மடம் வரை வந்து சேர்ந்துவிடுவார். தமிழ்நாட்டிலிருந்து எழுதுகிற நேயர்களுக்கும் அது விளங்கியது.

தொலைக்காட்சியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல இருக்கிறது. 1982 பெப்ரவரியில் ரூபவாகினி தொடங்கியது. சிங்களத்தில் தொலைக்காட்சி நாடகம் ஒரு பெரிய கலையாகவே வளர்ந்தது. தமிழுக்குக் கிடைத்த நேரம் கொஞ்சம். அடுத்த வருட ஆடிக் கலவரத்தோடு கொழும்பிலிருந்த நடிகர்களில் எத்தனையோ பேர் நாட்டைவிட்டுப் போனார்கள். அந்த நிலையிலும் சில நாடகங்கள் எழுதினேன். வானொலியில் வசனத்தால் கட்டியதை எல்லாம் இங்கே வெட்ட வேண்டும். "என்ன ஆச்சி, வெள்ளைச் சீலை உடுத்திருக்கிறியள்?" என்று கேட்கத் தேவையில்லை, சீலை தெரிகிறது. அதைப் பழக எனக்குக் கொஞ்சக் காலம் பிடித்தது என்றாலும் வெட்டுவதில் ஒரு சுகம் உண்டு. நான் எழுதிய எட்டுப் பக்கத்தை ஒரு நடிகை அடுப்பை ஊதிக்கொண்டே ஒரு பார்வையில் முடித்ததைப் பார்த்திருக்கிறேன். சந்தோசமாகத்தான் இருந்தது.

சந்தோசமில்லாத பகுதியும் உண்டு. வானொலியில் பிரதியை அனுப்பினால் ஏற்பு அல்லது மறுப்பு. இங்கே வெளிப்புறப் படப்பிடிப்பு, வாகனம், அனுமதி, விளம்பரதாரர் என்று எல்லாம் கூடிவரும் வரை எழுத்தாளர் காத்திருக்க வேண்டும். ஒரு நிறுவனத்துக்கு நான் எழுதிக் கொடுத்த தொடர் என் பெயரில்லாமல் ஓடியது. கேட்டபோது, எழுத்தோட்டத்தில் இடம் போதவில்லை என்றார்கள். உணவு வழங்கிய கடையின் பெயருக்கு இடம் இருந்தது.

யாழ்ப்பாணத்தில் அதைப் பார்த்தவர்களும் குறைவு. எங்கள் கூரைகளில் இரும்புக் குழாய் நட்டு உயர்த்திய அன்ரனாக்கள் எண்பதுகளின் பின்பாதியில் கொடைக்கானல் பக்கம் திரும்பியிருந்தன. தூரதர்சனுக்காகத் தவம் கிடந்தோம். 1990இல் போரோடு மின்சாரமே போனது. அந்த வருடம் கொக்காவில் ஒளிபரப்புக் கோபுரமும் போனது. 2011இல்தான் அங்கே மறுபடி கோபுரம் எழுந்தது. நடுவில் ஒரு தலைமுறை தொலைக்காட்சியைக் கலியாண வீட்டு ஜெனரேட்டரில் ஓடிய படக்கொப்பியாக மட்டுமே அறிந்திருந்தது.

பிள்ளைகளுக்கு எழுதியதுதான் என் வேலையில் நீண்டதும் கடினமானதும். நான் ஆரம்பப் பிரிவு ஆசிரியை; வகுப்பில் சொல்லிப் பார்க்காத எதையும் வானொலிக்கு அனுப்பியதில்லை. சென்னை வானொலியில் சிறுவர் நிகழ்ச்சிக்கு ஒரு வானொலி அண்ணா இருந்தார். எங்கள் 'சிறுவர் மல'ருக்கு வானொலி மாமா. சரவணமுத்து மாமாவின் பெயரைச் சொன்னால் இன்றைக்கு எழுபது வயதுக்காரரும் பிள்ளையாகிவிடுவார். மாமாக்கள் பேசினார்கள். அவர்கள் பேசியதில் கணிசமானதை அக்காமாரும் ரீச்சர்மாரும் எழுதினார்கள் என்று இங்கே ஒரு வரி சேர்த்துக்கொள்கிறேன்.

பிள்ளைகளுக்கான நாடகத்தில் மூன்று குரலுக்கு மேல் ஒரே காட்சியில் வைக்க மாட்டேன். மூன்றும் வேறுவேறு உயரத்தில் இருக்க வேண்டும்: ஒரு கிழவர், ஒரு பெட்டை, ஒரு ஆடு. இரண்டு பெட்டைகள் வைத்தால் எது எவள் என்று கேட்கிற பிள்ளைக்குத் தெரியாது. மிருகங்களுக்குக் கட்டாயம் ஒரு அலுவல் இருக்க வேண்டும். காகம் சும்மா வந்து புத்தி சொல்லிவிட்டுப் போனால் பிள்ளைகள் எழும்பிப் போவார்கள். அதே காகம் சந்தைக்கு ஐந்து மணிக்கு முன் போயாக வேண்டும் என்றால் கூடவே வருவார்கள். கேள்வி ஒன்று வந்தால், பதில் சொல்கிற பாத்திரம் உடனே வாய் திறக்கக்கூடாது. இரண்டு விநாடி விடச் சொல்லி அடைப்புக்குள் எழுதுவேன். வீட்டிலிருக்கிற பிள்ளை அந்த இரண்டு விநாடிக்குள் கத்திப் பதில் சொல்லும். தன்னுடைய பதிலைத்தான் றேடியோவுக்குள் இருக்கும் பிள்ளை திருப்பிச் சொல்கிறது என்று நினைக்கும். தயாரிப்பாளர்களுக்கு இந்த மௌனம் பிடிப்பதில்லை; ஒலிபரப்பு நின்றுவிட்டதோ என்று பயம். அதை வெட்டியெடுத்து ஒலிபரப்பியதும் உண்டு. அந்தக் கிழமை எங்கள் வகுப்பில் ஒருவரும் கதையைப் பற்றிக் கதைக்கவில்லை.

நடிக்கிற பிள்ளைகளுக்குத் தாளைக் கொடுக்கக்கூடாது. தாளைக் கண்டதும் பள்ளிக்கூடத்து வாசிப்பு ராகம் வந்துவிடும். நான் வாயால் சொல்லிக் கொடுத்து, அவர்கள் தங்கள் பாட்டில் சொல்ல, அதை மறுபடி நான் எழுதிக்கொள்வேன். இறுதிப் பிரதி பாதி அவர்களுடையது. ஒருமுறை 'எனக்குப் பசிக்கிறது' என்று நான் எழுதியதை ஒரு பெடியன் "குடல் கதைக்குது" என்றான். அவனுக்கு எழுத்தாளர் கொடுப்பனவு கொடுக்க வழியில்லாததால் ஐஸ்பழம் வாங்கிக் கொடுத்தேன்.

இதற்கெல்லாம் எங்களுக்கு முன்னோடி இருந்தது. 1935இல் வட இலங்கைத் தமிழாசிரியர் சங்கம் வெளியிட்ட 'பிள்ளைப் பாட்டு' தொகுப்பு. நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டு அந்தக் காலத்து ஆக்கம். தொண்ணூறு வருடம் ஆகியும் ஆடி முதலாந் திகதி அது எங்கள் பள்ளிக்கூடங்களில் ஒலிக்கிறது. அது நிலைத்ததற்குப் பலர் பல காரணம் சொல்வார்கள். என் கணிப்பு எளியது: அதில் கூழும் கொழுக்கட்டையும் எப்படிச் செய்வது என்று இருக்கிறது. பிள்ளைகள் ஒரு பாட்டை நம்ப வேண்டுமென்றால் அதற்குள் தின்ன ஏதாவது இருக்க வேண்டும். எழுபதுகளின் கடைசியில் குழந்தை ம. சண்முகலிங்கம் 'கூடி விளையாடு பாப்பா' எழுதி மேடையேற்றியபோது, பிள்ளைகளை மண்டபத்தில் வாயைப் பொத்தி இருத்துகிற வழக்கமும் உடைந்தது. அதைப் பார்த்துவிட்டு வந்துதான் என் வானொலிப் பிரதிகளில் அந்த இரண்டு விநாடியைச் சேர்க்கத் தொடங்கினேன்.

தொண்ணூறுகள் வந்தன. மின்சாரம் இல்லை, பற்றரி யாழ்ப்பாணத்துக்குள் வரத் தடை. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவிலிருந்து இரண்டு வயரை றேடியோவுக்குக் கொடுத்து, பெடலைக் கையால் சுற்றிக் கேட்டோம். பெரியவர்கள் செய்தி கேட்கச் சுற்றுவார்கள். தமிழோசை, வெரித்தாஸ், கொழும்பு. பிள்ளைகள் முறைவைத்துச் சுற்றித் தங்கள் நிகழ்ச்சியைக் கேட்டார்கள். சுற்றுகிறவன் கதையில் மயங்கினால் கை தளரும். கை தளர்ந்தால் கதை மங்கும். உடனே மற்றவர்கள் அவனுக்கு ஏசுவார்கள். நல்ல கதை தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும் நிலை. கொழும்புக்குத் தபால் போய்ச் சேர்வது கிழமைக் கணக்கு என்றாலும், போகிறபோது போகட்டும் என்று எழுதி அனுப்பினேன். அந்தக் காலத்தில் எழுதிய சிறுவர் நாடகங்கள் எல்லாம் பத்து நிமிடத்துக்குட்பட்டவை. ஒரு பிள்ளையின் கை அதற்கு மேல் தாங்காது.

அச்சிலும் எழுதினேன். 'உதயன்' கொப்பித் தாளில் அச்சாகி வந்த நாட்கள் அவை. கோடு போட்ட தாளில் செய்தி. சிறுவர் பகுதிக்கு இருநூறு சொல் கேட்பார்கள். தாள் இல்லாத ஊரில் எழுத்தாளர்கள் சுருங்கச் சொல்லப் பழகினார்கள் என்று யாராவது ஆய்வு செய்யலாம்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து வெளிக்கிட்டதைப் பற்றி எழுத வேண்டியவர்கள் எழுதிவிட்டார்கள். என் தொழிலோடு சம்பந்தப்பட்ட ஒன்றை மட்டும் சொல்கிறேன். தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் பல குடும்பங்களோடு இருந்தோம். பின்னேரங்களில் பிள்ளைகளைச் சேர்த்துக் கதை சொன்னேன். மைக் இல்லை, இசை இல்லை, மழை மட்டும் உண்மையான மழை. அரசனும் மந்திரியும் வருகிற கதைகளுக்கு அவர்கள் முகம் கொடுக்கவில்லை. காட்டுக்குப் போன ஆட்டுக்குட்டி அங்கே ஒரு கிழவியின் குடிசையில் தங்கியது என்றதும் ஒரு பெட்டை கேட்டாள்: "கிழவி என்ன சமைச்சவ?" அன்றைக்கு அந்தக் கதை அதற்கு மேல் நகரவில்லை. சோறு, முருக்கங்காய்க் குழம்பு, கத்தரிக்காய்ப் பொரியல் என்று அவர்களே சொல்லச் சொல்லக் கிழவி சமைத்துக்கொண்டே இருந்தா. உப்புக் காணுமோ என்று ஒருவன் கேட்டான். அடுத்த நாளும் அதே கதைதான் வேண்டும், சமையல் மட்டும் புதிதாக. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு வானொலிக்கு அந்தக் கதையை எழுதியபோது, சமையல் கட்டம் நீளமாக இருக்கிறது என்று ஒரு தயாரிப்பாளர் குறிப்பு அனுப்பினார். அந்தக் கட்டத்தை நான் வெட்டவில்லை. பிரதியைத் திருப்பி வாங்கிக்கொண்டேன்.

ஊர் திரும்பியபோது வீட்டில் கூரை இருந்தது, பிரதிகள் இருக்கவில்லை. கொழும்பில் இருக்கும் என்று நினைத்தேன். ஒலிநாடாவுக்கு எப்போதும் தட்டுப்பாடு. பழையதை அழித்து அதன் மேலேயே புதியதைப் பதிவது வானொலி நிலையங்களின் வழக்கம். என் நாடகங்களுக்கு மேல் யாருடைய கச்சேரி இருக்கிறதோ. இப்போது நூலகம் நிறுவனத்தார் பழைய கையெழுத்துப் பிரதிகளை வருடியெடுத்து இணையத்தில் சேர்க்கிறார்கள். ஆச்சிமாரின் றங்குப்பெட்டியிலிருந்து அங்கொன்று இங்கொன்றாகக் கிடைப்பதை நானும் கொடுத்து வருகிறேன். ஒரு பிரதி, அப்பளம் சுற்றிய தாளாக வந்தது; எண்ணெய் பட்ட இடத்தில் எழுத்து இன்னும் நன்றாகத் தெரிந்தது.

1998இல் சக்தி, சூரியன் என்று தனியார் பண்பலைகள் வந்தபோது எழுத்தாளரின் தேவை குறைந்தது. அறிவிப்பாளர் மைக்கைத் திறந்து கதைக்கிறார், நேயர் தொலைபேசியில் கதைக்கிறார், நடுவில் பாட்டு. நான் அதைக் குறைசொல்ல மாட்டேன். ஊரும் உலகமும் கதைக்கத் தவித்திருந்த காலம். நாடகம் மட்டும் ஒதுங்கிப்போனது. தொலைக்காட்சியில் இந்தியத் தொடர்கள் நேரத்தை எடுத்துக்கொண்டன. எங்கள் பிள்ளைகள் "அம்மா, எனக்குப் பசிக்குதும்மா" என்று சென்னை இழுவையில் பேசத் தொடங்கினார்கள். குடல் கதைப்பது நின்றுவிட்டது.

இப்போது வேலை வேறு திசையிலிருந்து வருகிறது. ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிற பழைய மாணவிகள், தங்கள் பிள்ளைகளுக்கு யாழ்ப்பாணத்துக் கதையை என் குரலில் பதிந்து கைபேசியில் அனுப்பச் சொல்கிறார்கள். நாலு நிமிடம், கூடினால் ஐந்து. தண்ணி மாறுகிறவருக்குப் பதில் காரின் பின்சீற்றில் பட்டி போட்டு இருத்திய பிள்ளை கேட்கிறது. முறைசொல்லிக் கூப்பிடுவது இங்கேயும் உதவுகிறது. ஆச்சி, குஞ்சியப்பு, மச்சாள் என, யார் யாருக்கு என்ன முறை என்று அந்தப் பிள்ளைகளுக்கு வேறெங்கும் கேட்கக் கிடைப்பதில்லை. "கத்தரிக்காய்க்குப் பதில் பீட்சா வைக்கலாமா ரீச்சர்?" என்று ஒரு தாய் கேட்டாள். வைக்கலாம் பிள்ளை, ஆனால் கிழவி அதைக் கிடுகுக் குடிசையில் எப்படிச் சுட்டவ என்று உன்ரை மகன் கேட்பான், அதற்கு நீதான் பதில் சொல்ல வேணும் என்றேன்.

போன மாதம் ஒரு சந்தைக் கதை எழுத எடுத்தேன். காகம் ஐந்து மணிக்கு முன் சந்தைக்குப் போகிற அதே பழைய கதைதான். இந்த முறை சந்தையின் சத்தத்தை உண்மையாகவே வைக்கலாம் என்று விடிய வெள்ளென கைபேசியோடு மருதனார்மடம் சந்தைக்குப் போனேன். லொறியிலிருந்து கோவா மூட்டை இறங்குகிற சத்தம், தராசுத் தட்டுச் சத்தம், வாழைக்குலை பேரம் எல்லாம் நன்றாக விழுந்தன. வெங்காயக்காரர் ஒருவர் கண்டுவிட்டார். "என்ன ரீச்சர், பிரதேச சபையிலை குடுக்கவோ பதியிறியள்? விலையைப் பதியுங்கோ, கழிவு பிடிக்கிறதை மட்டும் பதியாதேங்கோ" என்றார். பின்னால் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு அவருடைய குரலை அப்படியே கதையின் முதல் வசனமாக வைத்திருக்கிறேன். காகத்தின் விலாசம் கேட்கிற வியாபாரி அவர்தான். சம்மதம் கேட்டபோது, சம்பளம் வெங்காயமாக வேண்டாம் என்றார்.